இரவல் நிற்காத தெரு

எங்கள் வாடித்தெருவில் இரவல் நிற்காமல் போன முதல் சாயங்காலம், மோனிக்காவின் அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதில் பக்கத்து வீட்டு ஹில்டாவிடம் கேட்டு வாங்கிக் கரைத்த புளி இருந்தது, மாதா கோவில் ஆறு மணி அடித்து ஓய்ந்தபோது குழம்பில் புளி இல்லை. ஹில்டா வீட்டுப் பானையில் அதே புளி, கரைத்த சுவடே தெரியாமல், கொட்டையும் நாருமாக உருண்டை பிடித்து உட்கார்ந்திருந்தது. மோனிக்கா குழம்பைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, புளி போட மறந்துவிட்டோம் போல என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி கேட்கப் போனாள். வழியில் எங்கள் தெருவின் குடைகளும் ஏணிகளும் இட்லிக் கொப்பரைகளும் அந்தந்த வீட்டு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

காரணம் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எங்களுக்கு என்ன தெரியும்? லெயோன் மிராண்டா தன்னுடைய கேம் கடையை மூடிய நாள் அது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தூத்துக்குடியில் எத்தனையோ தெரு இருந்தும் விளையாட்டு டிஸ்க் என்று ஒன்று இருப்பதை முதலில் பார்த்தது எங்கள் தெருதான், அந்தப் பெருமை கஸ்பாருக்குப் போக வேண்டும். அவர் கப்பலில் சமையல்காரர். ஒவ்வொரு துறைமுகத்திலும் மற்றவர்கள் சென்டும் சோப்பும் வாங்கியபோது அவர் டிவியில் மாட்டுகிற கேம் பெட்டியும் அதற்குள் போடுகிற டிஸ்க்கும் வாங்கி வந்தார், வந்த அன்றே வாசலில் டிரங்கைத் திறந்து வைத்துக் கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தார், பிறகு லெயோன் கடை போட்டான், பழசைக் கொடுத்து வேறொன்று மாற்றிக்கொண்டு போகலாம் என்றான், அப்புறம் எந்த டிஸ்க் யாருடையது என்பதே எங்களுக்கு மறந்துபோனது. கேட்டால் கொடுக்க வேண்டும், கீறல் விழுந்தால் பற்பசை தடவிப் பஞ்சால் தேய்க்க வேண்டும், சண்டைக்காரன் வீட்டில் இருந்தால் மச்சினனை விட்டுக் கேட்க வேண்டும். இதுதான் சட்டம். கால்பந்து டிஸ்க் ஒன்றுக்காகப் பேசாமல் இருந்த இரண்டு குடும்பம் பேச ஆரம்பித்து, சம்பந்தமே பண்ணிக்கொண்டதும் உண்டு.

பிறகு கம்பத்துக்குக் கம்பம் நெட் வயர் இழுத்தார்கள். புதுப் பெட்டிகள் வந்தன, அவற்றுக்கு வாய் இல்லை. டிஸ்க் போடுகிற இடத்தில் வழுவழுவென்று மூடியிருந்தது, எல்லாமே காற்றில் இறங்கி வந்தது, பையன்கள் படுத்த இடத்திலிருந்து விரலை அசைத்து நாற்பது கேம் வாங்கினார்கள், ஒன்றையும் முழுசாக ஆடவில்லை, ஒன்றில் நுழைந்து அலுத்து இன்னொன்றில் நுழைந்து அதுவும் அலுத்து, உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் உழன்றார்கள். யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, கேட்டாலும் கொடுக்க வழி இல்லை. லெயோனின் அக்கா மகன் காசு கொடுத்து வாங்கிய கேம் ஒருநாள் அவன் பெட்டியிலிருந்தே காணாமல் போனது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, நீங்கள் வாங்கவில்லை, ஆடுவதற்கு அனுமதி மட்டும்தான் வைத்திருந்தீர்கள், அது முடிந்தது என்று மரியாதையாகப் பதில் வந்தது. நாங்கள் சிரித்தோம். வீட்டில் கிடந்த டிஸ்க்குகளைக் கயிற்றில் கோத்து மொட்டைமாடியில் காயும் கருவாட்டுக்கு மேல் காக்கா விரட்டத் தொங்கவிட்டோம். லெயோன் கடைப் பலகையைக் கழற்றிவிட்டு மொபைல் கவர் விற்கப் போனான். அன்று சாயங்காலம்தான் மோனிக்காவின் குழம்பிலிருந்து புளி போனது.

முதல் வாரம் எங்களுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சாமான்கள் எல்லாம் தினமும் ஆறு மணி அடித்ததும் தானாக வந்து நின்றன, தேங்காய்த் துருவி வந்தது, சைக்கிள் பம்பு வந்தது, பிரியாணி தேக்சா ஒன்று திரேஸ்புரத்திலிருந்து வந்து ஒரு வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தது. பிறகுதான் புரிந்தது, கொடுத்ததும் நிற்காது என்று. ஞானஸ்நானத்துக்குப் போட்ட மோதிரம் பிள்ளையின் விரலிலிருந்து ஞானத்தாயின் பெட்டிக்குப் போனது, அண்ணன் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தவன் பனியனோடு இறங்கினான், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்கூட்டர் விற்றவன் வாசலுக்கு ஓடியது, எழுதிப் பதிந்த பத்திரம்கூட எழுதிக் கொடுத்தவர் அலமாரிக்கே திரும்பியது. கடையில் புதிதாக வாங்கியது மட்டும் வாங்கியவனிடம் நின்றது. வயிற்றுக்குள் போனதை மணி தொடவில்லை, அந்த அளவுக்கு அதற்கு இரக்கம் இருந்தது, அதனால் அடுத்த வீட்டில் கடன் வாங்கிச் சமைத்தவர்கள் மணிக்கு முன்னால் அவசர அவசரமாக விழுங்கி விக்கினார்கள்.

வீடும் அப்படித்தான். யார் பெயரில் வீடோ அவரும் அவர் பெற்ற சின்னப் பிள்ளைகளும் மட்டும் உள்ளே இருப்பார்கள், மற்றவர்கள் மணி அடித்ததும் தெருவில் நிற்பார்கள். மருமகள்கள், வாடகைக்கு இருப்பவர்கள், கல்யாணமாகாத தம்பிகள், அகப்பையும் கையுமாக, பாதி வாரிய தலையோடு, சோப்பு நுரையோடு. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இன்னைக்கு என்ன குழம்பு என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மறுபடி உள்ளே போவார்கள். வாடகைக்கு இருந்த வாத்தியார் ஒருவர் ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே நாற்காலி போட்டு வெளியே உட்காரப் பழகிக்கொண்டார். எதற்குத்தான் மனிதன் பழக மாட்டான்? ஆனாலும் எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பொருளை எடுத்து வைத்தால் அது யாருடையது என்று யோசித்தோம், நாற்காலியில் உட்கார்ந்தால் நுனியில் உட்கார்ந்தோம்.

அப்புறம் விசைப்படகு சூசை செத்துப்போனார். அவர் மூச்சு நின்ற அந்த நிமிஷமே, வாரிசுக்கு விட்டுப்போவதும் கொடுப்பதுதான் என்பதுபோல, அவர் பெயரில் இருந்த எல்லாம் போனது, கட்டில் போனது, படகு போனது, வீடு ஓட்டோடும் சுவரோடும் போனது, அவர் மனைவி வெறும் மணலில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்ததும் சூசையின் மச்சினன் ஒரு சுவர்க்கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதபடி வந்தான். சூசையின் கடிகாரம்தான். பல வருஷத்துக்கு முன் அவன் திருடியது, எத்தனையோ மணி அடித்தும் அது அவனிடமே நின்றிருந்தது, செத்தவர் சாமானெல்லாம் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே அந்தக் கடிகாரத்தைச் சுற்றி நின்று பார்த்தது. கொடுத்தால் நிற்காது, திருடினால் நிற்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

மறுநாளே தெருவில் திருட்டு ஆரம்பித்தது. வந்து திருடிட்டுப் போ என்று கதவைத் திறந்து வைத்தார்கள், திருடியவை எல்லாம் மணிக்குத் திரும்பிவிட்டன. மனசாரக் கொடுத்ததை என்ன பெயர் வைத்து எடுத்தாலும் அது இரவல்தான், நடிப்பு எடுபடவில்லை. உடையவனுக்கு உண்மையிலேயே கொடுக்க மனசில்லாமல் இருக்க வேண்டும். அதனால் நாங்கள் ஒருவருக்கொருவர் உதவி செய்வதற்காகக் கஞ்சப்பிசினாரிகளாக மாறப் பாடுபட்டோம். மோனிக்காவுக்குச் சீனி வேண்டுமென்றால் அவள் தங்கை சீனி டப்பாவைப் பூட்டி வைத்து, சாவியை இடுப்பில் செருகி, ஒரு மணி நேரம் மோனிக்காவைப் பற்றிக் கெட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாள். பங்குச்சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் திருட்டுக் கணக்குக் கேட்டுக் கேட்டுத் தலை சுற்றி, எதற்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டார்.

இந்தக் கூத்தில் சிரிக்க முடியாத ஆள் ஹில்டாதான். அவள் கஸ்பாரின் மருமகள், இறால் கம்பெனியில் வேலை. புருஷன் அல்போன்ஸ் கப்பலில், எந்தக் கடலில் இருக்கிறானோ தெரியாது. இரண்டு பெண்பிள்ளைகள். வீடு கஸ்பார் பெயரில். கஸ்பார் இதயத்தில் நீர் கோத்துக் கால் வீங்கிக் கிடந்தார், டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். மாமனார் கண்ணை மூடினால் வீடு போகும், பிள்ளைகளோடு மணலில் நிற்க வேண்டும். திருடினால்தான் உண்டு.

கஸ்பாரிடம் எப்படித் திருடுவது? அவர் தூங்கும்போது மோதிரத்தை உருவினாள். விழித்தவர் விரலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஹில்டா எடுத்திருப்பா, நல்லதாப் போச்சு, வீங்கின விரல்ல கெடந்து உறுத்திச்சு," என்றார். மணி அடித்ததும் மோதிரம் விரலுக்கு வந்துவிட்டது. வீட்டுப் பத்திரத்தைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "உள்ள ரெண்டு நாப்தலின் உருண்டை போட்டு வைம்மா, கரையான் வந்துரும்," என்றார் அவர். ஒருநாள் துணிந்து அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"மாமா, இந்த வீட்ட நான் உங்ககிட்ட இருந்து புடுங்கப் போறேன்."

"புடுங்கிக்கோ தாயி. உனக்கில்லாம ஆருக்கு?"

ஹில்டா பின்கட்டுக்குப் போய்த் துவைகல்லில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். மோனிக்கா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அவருகிட்ட எப்படிட்டி திருடுவ? மனுசன் கையையே மூட மாட்டேங்காரே."

அவர் அப்படித்தான். இரவல் நிற்காது என்று தெரிந்த பிறகும் இரவல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் தெருவில் அவர்தான். அவரிடம் ஒரு கால்பந்து டிஸ்க் மிச்சம் இருந்தது, அதைக் காக்காய்க்குத் தொங்கவிட அவர் சம்மதிக்கவில்லை. தினமும் ஐந்து மணிக்கு லெயோன் வருவான். கடை நடத்தியவன், ஐம்பது வயதுக்காரன், வீட்டில் வாயுள்ள பழைய பெட்டி ஒன்றை மட்டும் வைத்திருந்தான். வாசலில் நின்று கூச்சத்தோடு செருப்பைப் பார்த்தபடி, "சித்தப்பா, டிஸ்க்கு," என்பான்.

"எடுத்துட்டுப் போலே. மணி அடிக்கதுக்குள்ள ஒரு மேட்ச் ஆடிரலாம்."

ஆறு மணிக்கு டிஸ்க் தானாக அவர் தலைமாட்டுக்கு வந்துவிடும். நேற்று என்ன ஆச்சு, ஜெயிச்சியா என்று மறுநாள் விசாரித்துக்கொண்டே மறுபடி கொடுப்பார்.

ஹில்டா இதைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். அவரிடமிருந்து எடுத்தால் அவருக்கு வலிக்காது, கேட்டு வந்தவனை விரட்டினால் வலிக்கும் என்பது அவளுக்கு எப்போது உறைத்ததோ தெரியாது. ஒரு வியாழக்கிழமை லெயோன் வாசலில் வந்து நின்றான். ஹில்டா உள்ளிருந்து டிஸ்க்கோடு வந்தாள். அவன் கையை நீட்டினான். அவள் அதை நிலைப்படியில் வைத்து மிதித்தாள், அது இரண்டாக உடைந்தது.

"இனிமே இரவல்னு எவனும் இந்த வாசல்ல வந்து நிக்கக் கூடாது," என்றாள். "இது என் வீடு. இங்க எவனுக்கும் ஒண்ணும் கெடையாது."

கஸ்பார் சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து வந்தார். உடைந்த டிஸ்க்கை அவர் பார்க்கவே இல்லை. லெயோனின் நீட்டிய கையைத்தான் பார்த்தார்.

"அவன் வெறுங்கையோட நிக்கான்," என்றார். "என் வாசல்ல வந்து ஒருத்தன் வெறுங்கையோட நிக்கான்." பிறகு ஹில்டாவின் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ வெளிய போடி. என் வீட்டுக்குள்ள நிக்காத."

"நீ போ," என்றாள் ஹில்டா.

மாமனாரை அவள் நீ என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அவளே கட்டிலை இழுத்து வந்து தெருவில் போட்டாள், தலையணையை எறிந்தாள், அவருடைய கையைப் பிடித்துப் படியிறக்கிக் கதவைச் சாத்தினாள். கஸ்பார் மூடிய கதவைப் பார்த்து, கேட்கவே கூசுகிற வார்த்தைகளைச் சொன்னார். இந்த வீடு உனக்கு ஒட்டாது, ஒரு செங்கல்கூட ஒட்டாது என்றார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம், காரணம் தெரிந்தும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, திறந்தால் அவர் மன்னித்துவிடுவார், மன்னித்தால் வீடு போய்விடும். மணி அடித்தது. மருமகள்கள் எல்லாம் தெருவுக்கு வந்தார்கள். ஹில்டாவும் பிள்ளைகளும் வரவில்லை. வீடு அவளுக்குச் சொந்தமாகிவிட்டது.

லெயோன் கஸ்பாரைத் தன் முன்னறையில் படுக்க வைத்தான். அது லெயோன் வீடு, கஸ்பார் விருந்தாளி, ஆகவே தினமும் மணி அடிக்கும்போது அவர் கட்டிலோடு தெருவில் கிடந்தார், தன் வீட்டுக்கு எதிரே, அந்த மூடிய ஜன்னல்களைப் பார்த்தபடி. நாலு பேர் சேர்ந்து தூக்கி உள்ளே கொண்டுபோவோம். அவர் எடை குறைந்துகொண்டே வந்தது. ஹில்டா வெளியே வருவதில்லை. நண்டு ரசம் வைத்து மோனிக்கா கையில் கொடுத்தனுப்புவாள், மோனிக்கா தான் வைத்ததாகச் சொல்லி ஊட்டுவாள். முதல் நாள் ஒரு வாய் குடித்ததுமே, "இது அவ கை உப்பு," என்று துப்பினார். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. இப்படி ஒரு நிம்மதி வேண்டியிருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. அடுத்தடுத்த நாளும் துப்பினார். லெயோன் மட்டும் ராட்டினம் போல வீட்டுக்கும் தெருவுக்கும் சுற்றிக்கொண்டிருந்தான், அவனால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, "சொல்லிரட்டுமா, சொல்லிரட்டுமா" என்று பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டான், நாங்கள் கண்ணாலேயே அவனை அடக்கினோம்.

பிறகு ஒருநாள் கஸ்பார் ரசத்தைத் துப்பவில்லை. கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்துவிட்டு, இன்னும் இருக்கா என்று கேட்டார். மோனிக்கா கிண்ணத்தோடு எழுந்தாள். அவள் வெளியே வந்து எங்களிடம் சொல்வதற்குள் கோவில் மணி அடித்தது.

ஹில்டா தெருவில் நின்றாள். கையில் அகப்பை, அதிலிருந்து சோறு வடித்த கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பிள்ளைகளும் பாடப்புத்தகத்தோடு நின்றார்கள். எதிரே கட்டிலில் கஸ்பார் கிடந்தார்.

வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஹில்டா தன் காலடி மண்ணைப் பார்த்தாள், பின்னால் இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவளுக்குப் புரிந்தது, அவள் முகம் அப்படி மலர்ந்ததை நாங்கள் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அகப்பையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலுக்கு ஓடினாள்.

"மாமா."

"வந்துட்டியா," என்றார் கஸ்பார். "ஏம்மா செஞ்சன்னு எனக்குத் தெரியல. தெரியவும் வேண்டாம். கோவத்த எத்தனை நாளைக்குத்தான் புடிச்சு வைக்க? எனக்கு அது வரமாட்டேங்கு. நழுவி நழுவிப் போயிருது."

ஹில்டா அவருடைய வீங்கிய பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரிக்கவும் செய்தாள். மோனிக்கா அவள் தோளைப் பிடித்து இழுத்துக் காதுக்குள், "ஏட்டி, கெட்டுது போ. இப்பவே ரெண்டு வார்த்த ஏசு. திரும்பக் கோவப்படட்டும். பிள்ளைகள நெனச்சுப் பாரு," என்றாள். லெயோனும் அதையே சொன்னான், அத்தனை நாளும் உண்மையைச் சொல்லத் துடித்தவன், "என்னைய வேணா ஒரு அடி அடிங்க மைனி, அவரு பாக்கட்டும்," என்று கன்னத்தைக் காட்டினான். நாங்கள் எல்லாரும் சேர்ந்து கெஞ்சினோம். எங்களுக்கு அந்த வீடு வேண்டும், அது ஒன்றாவது தெருவில் நின்றால் போதும் என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது.

"முடியாது," என்றாள் ஹில்டா.

"எங்க போயி நிப்ப?"

"முடியாதுன்னா முடியாது. விடுங்க."

கஸ்பார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்னலே, எல்லாரும் என்ன குசுகுசுங்கீங்க?" என்றார். ஹில்டா அவரை அவருடைய வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள், தூக்கிப் போனோம், பழைய இடத்தில் கட்டிலைப் போட்டோம். அவர் விட்டத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிள்ளைகளை அருகே கூப்பிட்டுத் தலையைத் தடவினார்.

மறுநாள் முற்பகலில், ஹில்டா தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் உயிர் போனது. ஓடு போனது, விட்டம் போனது, ஜன்னல் போனது, கட்டில் போனதால் அவர் மணலில் இறங்கினார். ஹில்டா தன் சம்பளத்தில் வாங்கிய குக்கரும் மிக்சியும் ஒரு டேபிள் பேனும் மட்டும் வெயிலில் நின்றன, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் ஓடி வந்து அந்த வெறும் இடத்தைச் சுற்றி நின்றோம். மோனிக்கா, "எல்லாம் போச்சேட்டி," என்றாள்.

ஹில்டா அவருடைய கண்ணை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன போச்சு?" என்றாள், அந்த மணலைச் சுற்றிக் கையைக் காட்டி. "மாமா வீட்ட எனக்கு மனசாரத் தந்துட்டுத்தான் போயிருக்காரு, அதான் நிக்கல. எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க."